கறளும் மோட்டார்ப் பிறேக்கும்

தமிழகத்தார் துரு என்று வழங்குவதனை ஈழநாட்டவராகிய நாம் கறள் என்போம். இச்சொல்லை ஒருவர் வாயிலிருந்து அடிக்கடி கேட்க விரும்பும் நேயர் எவரேனும் இருப்பின், அவர் மட்டக்களப்பு வாவிக் கரைக்கு வந்து ஒரு மாரிகாலம் முழுவதும் தங்கியிருத்தல் வேண்டும். வாவியின் கீழ்ப்பக்கம் ஞாயிறு எழுகின்ற எழுவான்கரை. மேல்பக்கம் ஞாயிறு படுகின்ற படுவான்கரை. இவ்விரு கரைகளுக்கும் இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுப்பும் மழைநீரும் கலந்த நீர் பரந்து கிடக்கின்றது. நகரப் பக்கத்திலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரையின் வாயிலாகிய வவுணதீவை அடையலாம். இப்பகுதியில் கதவுப் பிணைச்சலும், கிணற்றுக் கப்பியும், மிதிவண்டிச் சங்கிலியும் தம் ஆயுளில் பாதியைக்கூட முழுமையாக வாழ்வதில்லை.

வரலாறு கற்பித்தவன் கறளைப் பற்றிப் பேசுவதேன் என நேயர்கள் வினவலாம். நான் கலைப்பட்டதாரி. இரசாயனம் என்னைப் பாடசாலையிலேயே கைவிட்டது. நானும் அதனைத் தேடிச் செல்லவில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு காரியம் அதனைத் தேடிச் செல்லும்படி செய்துவிட்டது.

என்னிடம் ஒரு மொறிஸ் மைனர்க் கார் உண்டு. என் மாமனார் ஓட்டியது. அலெக் இசிகோனிஸ் என்னும் அறிஞர் வகுத்த இக்கார் 1948இல் இங்கிலாந்திலே வெளிவந்தது. இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய 1960களிலும் அதன் பின்னரும் இத்தகைய பழைய வண்டிகளைப் பேணியே நம்மவர் காலங்கழித்தனர். 1977இல் இறக்குமதி தளர்ந்தபோது அவற்றுள் பல பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுக் காலத்திலே கொட்டிலில் உறங்கிக் கிடந்த கிழட்டுக் கார்களுக்கெல்லாம் மறுவாழ்வு கிடைத்தது. எனது காரும் அவற்றுள் ஒன்று. அதனை ஒரு கராச்சில் ஒப்படைத்துப் புதுப்பித்தேன். திரும்பி வந்தபோது சக்கரத்தின் உட்பகுதிகூடக் கரிய வர்ணத்தில் மின்னிற்று. கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன்.

மார்கழி விடுமுறை முழுவதும் மழை. கார் கிடுகுக் கொட்டிலில் அசையாமல் நின்றது. தவணை தொடங்கிய காலை வவுணதீவு நோக்கிப் பாலத்தைக் கடந்து இறங்குகையில், மாடொன்று குறுக்கே வரக் கண்டு பிறேக்கை மிதித்தேன். கார் நிற்பதற்குப் பதிலாக வலப்பக்கம் பாய்ந்தது. எதிரே ஒரே மிதிவண்டியில் என் பாடசாலைப் பிள்ளைகள் இருவர் வந்துகொண்டிருந்தனர். கைப்பிறேக்கை இழுத்ததும், அப்பிள்ளைகள் வண்டியோடு சேற்றில் சாய்ந்ததும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. வெள்ளைச் சீருடை பாழாயிற்று. அதற்குமேல் தீங்கொன்றும் நேரவில்லை. எனினும் அன்று முதலாம் பாடவேளையில் என்னால் சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடியவில்லை.

வீதியோரத்தில் சிறு பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவர் வந்து சக்கரத்தைக் கழற்றினார். வெளியே கரிய வர்ணம்; அதனை விரலால் தட்டியதும் அப்பளம்போல் உதிர்ந்தது. உள்ளே செம்மண் நிறமாகக் கறள். இடப்பக்க முன்சக்கரத்துச் சிலிண்டர்கள் கறளால் இறுகி அசைவற்றிருந்தன. வலப்பக்கச் சக்கரம் மட்டும் பிடித்ததனாலேயே கார் அப்பக்கம் திரும்பியது. முதியவர் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது: “சேர், கறளுக்கு மேல பெயின்ற் அடிச்சிரிக்கானுகள். புண்ணைக் கழுவாமத் துணியச் சுத்தின மாதிரி. மறுகா உள்ளுக்கு அழுகாம என்ன செய்யும்?”

இவ்வுவமையின் உட்பொருளை அறிவுலகம் கண்டறிவதற்கு எத்தனை காலம் சென்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இரும்பை உருக்கும் கலை நமக்குப் புதியதன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இரும்புக் கருவிகள் பல கிடைத்தன. நமது தீவிலே, பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவவில், தென்மேற்குப் பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்ட இரும்புலைகள் மலைச்சரிவில் வரிசையாக இருந்தமையைக் கில் யூலெப் என்னும் பெண்மணி ஆராய்ந்து 1996இல் உலகுக்கு அறிவித்தார். அவ்வுலைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இரும்பை ஆக்கக் கற்ற மனிதர் அதனைக் காக்கவும் முயன்றனர். எண்ணெய் பூசினர், நெய் தடவினர், சாம்பலிட்டுத் துலக்கினர். ஆயினும் எதனிடமிருந்து காக்கின்றோம் என்பதை அறிந்திலர்.

டெல்லியில் நிற்கும் இரும்புத் தூணை இங்கு நினைவுகூர்தல் தகும். குப்தர் காலத்தது, 7 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் 6 தொன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அதனைக் கறள் தின்றுவிடவில்லை. தெய்விகம் என்றும், மறைந்துபோன இரகசியம் என்றும் பலர் பலவாறு கூறினர். கான்பூர்த் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் செய்த ஆய்வுகள் காரணத்தை ஓரளவு தெளிவாக்கின. அக்காலத்து உலைமுறையினால் அவ்விரும்பில் பொசுபரசு என்னும் மூலகம் ஏறத்தாழக் கால் விழுக்காடு தங்கிவிட்டது. இக்காலத்து உருக்கில் உள்ளதைவிட இது பலமடங்கு மிகுதி. அது காலப்போக்கில் தூணின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படையொன்று உண்டாகத் துணைசெய்தது. டெல்லியின் வறண்ட காற்றும் உதவிற்று என்பதை மறத்தலாகாது. கடற்காற்றுப் படும் கோணார்க்குக் கோயிலின் இரும்பு உத்தரங்களுக்கு அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை. அத்தூணைக் கல்லடிக் கடற்கரையில் நாட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் சிலபோது எண்ணுவதுண்டு.

ஐரோப்பாவிலே 18ஆம் நூற்றாண்டுவரை கறளுக்குக் கூறப்பட்ட விளக்கம் தலைகீழானது. உலோகத்திலிருந்து ஏதோவொரு பொருள் வெளியேறுவதாலேயே அது மாள்கின்றது என்றனர். பொருள் வெளியேறினால் எடை குறைய வேண்டுமன்றோ? எடையோ கூடிற்று. 1770களிலே பிரெஞ்சு அறிஞர் லவோசியர் தராசைக் கையிலெடுத்து, உலோகம் இழப்பதில்லை, காற்றின் ஒரு பகுதியை ஏற்கின்றது என்று காட்டினார். அப்பகுதியே ஒட்சிசன். இருபதாண்டு கழிந்து புரட்சிக்காரர் அவரது தலையைக் கொய்தனர். அது வேறு கதை.

ஒட்சிசன் மட்டும் போதாது, நீரும் வேண்டும், உப்பு இருந்தால் இன்னும் விரைவு என்பதெல்லாம் அனுபவத்தால் எல்லாரும் அறிந்திருந்தனர். ஏன் என்பதைக் கேம்பிறிட்ச் பல்கலைக்கழகத்து யூலிக் எவன்ஸ் என்பார் 1920களில் மிக எளிய சோதனையொன்றால் விளக்கினார். மினுக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை வைத்தார். துளியின் ஓரத்திலே காற்றுத் தாராளமாகக் கிடைக்கின்றது; நடுவிலே கிடைப்பதில்லை. கறள் வளையமாகத் தோன்றியது. ஆனால் இரும்பு அரிக்கப்பட்டதோ காற்று மிகுந்த ஓரத்திலன்று, காற்றுக் குறைந்த நடுவிலே! அவ்வொரு துளிக்குள்ளே சிறியதொரு மின்கலம் இயங்கிக்கொண்டிருந்தது. உப்பு மின்னோட்டத்துக்கு வழிவிடுவதால் வாவிநீரில் அது மேலும் சுறுசுறுப்பாகின்றது.

நேயர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கவனிக்குமாறு வேண்டுகிறேன். கறளின்மேல் வர்ணம் பூசினால் என்ன நிகழ்கின்றது? கறள் கடற்பஞ்சு போன்றது. ஈரத்தையும் உப்பையும் தன்னுள்ளே அடக்கி வைத்திருக்கும். மேலே பூசிய வர்ணத்தில் மயிரிழை போன்றதொரு வெடிப்பு ஏற்படுகின்றது. வெடிப்பின் வாயிலே காற்று உண்டு. வர்ணத்தின் அடியிலே காற்று இல்லை. எவன்ஸின் நீர்த்துளி இங்கு மறுபடியும் உருவாகின்றது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியே அரிக்கப்படுகின்றது. இரும்பைக் காட்டிலும் கறளுக்குப் பருமன் கூடுதலாதலால் அது வீங்கி வர்ணத்தை மேலே தள்ளுகின்றது. புண்ணைக் கழுவாமல் துணி சுற்றுதல் என்று முதியவர் கூறியது முற்றிலும் சரியான விஞ்ஞானம். அவர் எவன்ஸின் பெயரைக் கேள்விப்பட்டவரல்லர்.

கவசம் பூசும் கலையோ விளக்கத்துக்கு முன்பே வளர்ந்துவிட்டது. 1824இல் சேர் அம்பிரி தேவி என்னும் ஆங்கில அறிஞர், கப்பலின் அடிப்புறத்துச் செப்புத் தகட்டோடு நாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தால் அத்துண்டுகள் தாம் அழிந்து செம்பைக் காக்கும் என்று கண்டார். செம்பு காக்கப்பட்டது உண்மையே. ஆனால் காக்கப்பட்ட செம்பிலே கடற்சிப்பிகள் சுகமாகக் குடியேறிவிட்டதனால் கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படையார் அம்முறையைக் கைவிட்டனர். 1837இல் பிரான்சின் சொறெல் என்பார் இரும்பை உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்து உரிமைப் பத்திரம் பெற்றார். நமது கூரைத் தகரம் அதன் வழிவந்ததே. பாலங்களுக்கோ ஈயச் செந்தூரத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்த செவ்வர்ணம் பெரிதும் பயன்பட்டது. ஈயம் நஞ்சென்பது உணரப்பட்ட பின் அதன் வழக்கு அருகிற்று.

பாலம் என்றதும் நமது கல்லடிப் பாலம் நினைவுக்கு வருகின்றது. தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் 1924இல் திறக்கப்பட்ட அவ்விரும்புப் பாலம், 2013இல் அருகே புதுப்பாலம் எழும்வரை, வாவிக்காற்றைத் தாங்கி எழுவான்கரைப் போக்குவரத்தைச் சுமந்தது. 1890இல் ஸ்கொத்லாந்தில் திறக்கப்பட்ட போர்த் பாலமும் உப்புநீர்மேல் நிற்பது. ஒரு முனையிலிருந்து வர்ணம் பூசி மறுமுனையை அடைவதற்குள் முதல் முனை கறள் பிடித்துவிடும் என்று அதனைக்குறித்து ஒரு பழமொழியே உண்டு. 2002 முதல் 2011 வரை அங்கே புதுமுறை கையாளப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகப் படிந்திருந்த பழைய வர்ணப் படைகளை அகற்றி, வெற்றுருக்கைக் கண்ட பின்னரே புதுப்பூச்சு இட்டனர். அது 25 ஆண்டுகளுக்கேனும் நிலைக்கும் என்பது அவர்தம் மதிப்பு.

இனி, பிறேக்குக்கு வருவோம். சமதரையில் ஓடும் நமது மாட்டுவண்டிக்கு நாணயக் கயிறே பிறேக்கு. மலைநாட்டு வண்டிகளுக்கு மரக்கட்டையொன்று சக்கரத்தின்மேல் அழுத்தும். இங்கிலாந்தின் மலைப்பாதைகளிலே வண்டிக்காரர் அக்கட்டையில் பழைய சப்பாத்துகளைச் செருகுவதைக் கண்டே எர்பெட் புறூட் என்பார் 1897இல் பிறேக்கு உறை செய்யும் தொழிலைத் தொடங்கினார் என்று கூறுவர். காற்றடைத்த றப்பர்ச் சக்கரம் வந்ததும் மரக்கட்டை பயனற்றதாயிற்று. 1902ஆம் ஆண்டளவில் பிரான்சின் லூயி ரெனோ, கிண்ணம் போன்ற ட்ரம் ஒன்றினுள்ளே இரு சூக்கள் விரிந்து உராயும் முறையைக் கையாண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் லாஞ்செஸ்ரர் தட்டுப் பிறேக்குக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அது புகழ்பெற 1953இல் லெமான் ஓட்டப் போட்டியில் ஜாகுவார்க் கார் வெற்றி பெறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காலால் மிதிக்கும் விசையைத் திரவத்தின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தும் முறையை அமெரிக்கரான மல்கம் லொக்கீட் வகுத்தார். அவர் பெயர் தாங்கிய பிறேக்கே எனது காரிலும் உண்டு.

இத்தனை பேரும் ட்ரத்துக்கும் தட்டுக்கும் பெரும்பாலும் வார்ப்பிரும்பையே ஏன் தெரிந்தனர்? கறள் பிடிக்கும் என்று அறியாமலா? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் என் சிறிய காரை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், கிணற்றுநீரில் ஒரு பெரிய குவளையைக் கொதிக்க வைக்கப் போதும். அதுவும் சில விநாடிக்குள். அவ்வெப்பத்தை ஏற்றுப் பரப்பவும், தேய்வைத் தாங்கவும், அதிர்வை அடக்கவும் வல்ல மலிவான உலோகம் வார்ப்பிரும்பே. ஆகவே கறளை அறிந்தே ஏற்றனர். மோட்டார் வண்டியிலுள்ள மற்றெல்லா இரும்பையும் மூடலாம். உராயும் அம்முகத்தை மட்டும் எதனாலும் மூடுதல் இயலாது. நாள்தோறும் ஓடும் வண்டியில் அது தன் வேலையினாலேயே தன்னைத் துலக்கிக்கொள்கின்றது. ஒரு மாதம் நின்ற வண்டியிலோ கறள் அமைதியாகக் குடிபுகுந்துவிடும்.

சிலிண்டரின் கதை இன்னும் வஞ்சகமானது. பிறேக் ஒயில் என்கிறோமே, அது பெயரளவில்தான் ஒயில். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய திரவம் அது. இரண்டாண்டுக்கொரு முறையேனும் மாற்றாவிடின், உறிஞ்சிய நீர் சிலிண்டரை உட்புறமிருந்தே அரிக்கும். வெளியே வர்ணம் பூசிப் பயனென்ன? அன்றியும் அத்திரவம் வர்ணத்தின்மேல் சிந்தினால் அதனைக் கரைத்துரித்துவிடும்.

முதியவர் என் காரை மூன்று நாள் வைத்திருந்தார். பிற்பகல்களில் நான் அருகிருந்து பார்த்தேன். முதலில் அவர் ட்ரத்தினுள்ளிருந்த தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். பழைய பிறேக்கு உறைகளில் கல்நார் உண்டு. அத்தூள் நெஞ்சிற் புகுந்தால் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். மண்ணெண்ணெயால் பிசுக்குக் களைந்து, உதிரக்கூடிய கறளைக் கம்பித் தூரிகையால் நீக்கினார். பின்னர் ஒரு பிளாத்திக்குத் தொட்டியில் நீரூற்றிச் சலவைச் சோடாவைக் கரைத்து, ட்ரத்தைக் கார்ப் பற்றரியின் எதிர்முனையிலும் பழைய இரும்புத் தகடொன்றை நேர்முனையிலும் இணைத்து அமிழ்த்தினார். குமிழிகள் எழுந்தன. அவை ஐதரசன் வாயு. ஆதலின் தொட்டியை வெளிமுற்றத்தில் வைத்து, பீடி பற்றவைத்த ஒருவரை அதட்டித் துரத்தினார். மறுநாள் கறள் கருஞ்சேறாகிக் கையால் வழிந்தது, நல்லிரும்பு தேயவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பெர்லின் அரும்பொருட்சாலையின் இரசாயனவியலாளர் இரத்கென், புதைபொருள்களைத் தூய்மை செய்யக் கையாண்ட மின்முறை இதற்கு நெருங்கிய உறவுடையது. வவுணதீவு வீதியோரத்துக்கு அது எவ்வழி வந்து சேர்ந்ததோ!

சுருள்வில்களை மட்டும் அவர் தொட்டியிலும் இடவில்லை, அமிலத்திலும் தோய்க்கவில்லை. அத்தகைய கடினவுருக்கு ஐதரசனை உள்வாங்கினால் நொறுங்கும் இயல்பு பெறும். “அது புதிசு வாங்குங்க, சேர்” என்றார். குழிவிழுந்த சிலிண்டர்களுக்கும் அதே தீர்ப்பு.

கழுவிய ட்ரத்தின் வெளிப்புறத்தில் பொசுபோரிக்கமிலம் கலந்த நீர்மத்தைத் தடவினார். இரும்பு சாம்பல் நிறமாயிற்று. 1906இல் இங்கிலாந்தின் கொஸ்லெற் என்பார் உரிமைப் பத்திரம் பெற்ற முறையின் வழித்தோன்றல் இது. டெல்லித் தூணைக் காத்து நிற்கும் அதே பொசுபரசு, இங்கே ஒரு சிறு போத்தலிலிருந்து வந்து என் காருக்குக் காப்பாயிற்று. எனக்கு உடல் சிலிர்த்தது. முதியவருக்கோ வெயில் சாய்வதற்குள் வர்ணம் பூசவேண்டுமென்ற அவசரம். வாவிக்காற்றில் ஓரிரவு வெறுமனே வைத்தால் மீண்டும் செம்மை படரும்.

வெப்பந்தாங்கும் வர்ணத்தை மெல்லியதாக இருமுறை பூசினார். ட்ரத்தின் வெளிப்புறத்துக்கும் பின்தகட்டுக்கும் மட்டுமே. உராயும் முகத்துக்கு இல்லை. சக்கரமும் ட்ரமும் பொருந்தும் இடத்துக்கும் இல்லை. அங்கே தடித்த வர்ணம் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி ஆணிகள் தளரும் என்றார். உள்முகத்தை அரத்தாளால் தேய்த்து, விட்டத்தை அளந்து, இன்னும் தேய இடமுண்டு என்று கண்ட பின்னரே பொருத்தினார். முன்னைய கராச்சில் கொடுத்ததில் மூன்றிலொரு பங்கே கூலி. அழகும் முன்னையதில் மூன்றிலொரு பங்குதான்.

காரை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்கு வந்தேன். மெதுவாக ஓட்டி, ஆளற்ற இடத்தில் நாலைந்து முறை மிதித்துப் பார்த்தேன். முதலில் மெல்லியதொரு உரசலொலி; பிறகு அதுவும் அடங்கிற்று. கார் கோடு கீறியதுபோல் நேராக நின்றது. அதன்பின் விடுமுறை நாள்களிலும் மழை விட்ட காலைகளில் பாலத்தின் அக்கரைவரை ஒருமுறை சென்று திரும்புகின்றேன். வழியில் அப்பிள்ளைகள் இருவரும் எதிர்ப்படுவதுண்டு. தொலைவிலேயே என் காரைக் கண்டு மிதிவண்டியை விட்டிறங்கி, வீதியோரத்தில் நின்று வணக்கம் கூறி, கார் கடந்து சென்ற பின்னரே மறுபடி ஏறுகின்றனர்.